ஓடுகிறது என்ற சொல்

இயந்திரங்களைப் பற்றி மனிதர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஓடுகிறதா?" பழைய தையல் இயந்திரமாயினும், சுவர்க் கடிகாரமாயினும், மூன்று கை மாறிய மிதிவண்டியாயினும், விற்பவர் "ஓடுகிறது" என்று சொல்லிவிட்டால் வாங்குபவரின் கை பணப்பையை நோக்கிச் சென்றுவிடுகிறது. அந்த ஒரு சொல்லை இருவரும் இரு வேறு பொருளில் கொள்கிறார்கள் என்பதை நான் அண்மைக் காலம் வரை எண்ணிப் பார்த்ததில்லை. சொல்பவர் நிகழ்காலத்தைச் சொல்கிறார். கேட்பவரோ எதிர்காலத்தைக் கேட்டுக்கொள்கிறார். நம் மொழியும் இதற்கு இடந்தருகிறது. "சூரியன் கிழக்கே உதிக்கிறது" என்னும்போது இன்றைய விடியலை மட்டுமா சொல்கிறோம்? நேற்றும் உதித்தது, நாளையும் உதிக்கும் என்பதெல்லாம் அந்த நிகழ்கால வினைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. "ஓடுகிறது" என்பதும் அவ்வாறே. இந்த நொடியில் ஓடுகிறது என்பது மெய்; நாளையும் ஓடும் என்பது கேட்பவர் தாமே சேர்த்துக்கொண்டது. ஆகவே ஒரு பொய்யும் சொல்லாமல் ஒருவரை ஏமாற்றிவிடலாம். அவ்வாறு ஏமாற்றியவர் பொய்யரா, அல்லரா?

வினா பழையது. எனக்கு அதை மீண்டும் எழுப்பியது ஒரு பழைய மடிக்கணினி.

2012ஆம் ஆண்டு என் மகன் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கித் தந்தது அது. அவன் படித்து முடித்து வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்ற பின் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் அவர்களுடைய பழைய சட்டையும் செருப்பும் தந்தையரிடம் வந்து சேர்வது உலக வழக்கந்தானே! அதில் கட்டுரை எழுதினேன். தொலைவிலுள்ள பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்தேன். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த கருவிக்கு வரும் முதுமைப் பிணிகள் எல்லாம் அதற்கும் வந்தன. பேட்டரி அரை மணி நேரமும் தாங்கவில்லை. உள்ளே சுழலும் ஃபேன் மாவு மில்லைப் போல் இரைந்தது. தேதியை நினைவில் வைத்திருக்கும் நாணய வடிவச் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டதால், மின் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். வயதானால் இளமைக் காலத்துக்கே திரும்பிவிடுவார்கள் என்று என் மனைவி சொன்னாள். யாரைக் குறித்துச் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தோன்றின. சிறிது நேரத்தில் எழுத்துகள் சிதறின. பிறகு திரை இருண்டது.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை அறியாத குடும்பம் இன்று குறைவு. வானொலிப் பெட்டியின் பாகங்கள் தேடி ஒரு காலத்தில் அங்கே போனோம். இன்று பிள்ளைகள் கணினிப் பாகங்கள் தேடிப் போகிறார்கள். அங்கே ஒரு மாடிப்படியின் மேலே, இரண்டு மேசையும் ஓர் உருப்பெருக்கியும் வைத்துப் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முப்பது வயதிருக்கும். கணினியைத் திறப்பதற்கு முன் அவர் கேள்விகளைத் திறந்தார்.

"கோடு போட்டவுடனே வருதா பாய், சூடான பிறகு வருதா? மூடியை அசைச்சா மாறுதா? கீழே எங்கேயும் விழுந்துச்சா? டீ, தண்ணி ஏதாவது கொட்டிச்சா?"

அதன் பின், "உள்ளே முக்கியமான ஃபைல் இருந்தா முதல்ல அதை எடுத்து வச்சிடுவோம்" என்றார். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் பூட்டி, உள்ளிருந்ததைப் படியெடுத்தார். பேட்டரியைக் கழற்றியபோது அதன் வயிறு உப்பியிருந்தது. உள்ளே வாயு சேர்ந்தால் இந்த லித்தியம் பேட்டரிகள் அவ்வாறு உப்பும். குத்துப்பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். அதைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டார். சார்ஜரின் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 19 வோல்ட் சரியாக வந்தது. சார்ஜர் குற்றமற்றது.

மூடியை மெல்ல அசைத்தார். கோடுகள் அசையவில்லை. கீல் வழியே திரைக்குச் செல்லும் மெல்லிய கேபிள் நைந்திருந்தால், மூடி அசையும்போது கோடுகளும் மாறும். பின்னர் தனி மானிட்டர் ஒன்றை இணைத்தார். அதிலும் அதே கோடுகள். ஆகவே மடிக்கணினியின் திரையும் குற்றமற்றது, கேபிளும் குற்றமற்றது. ராம் இரண்டு பலகைகளாக இருந்தது; ஒன்றை எடுத்து இயக்கினார், அதைப் போட்டு மற்றதை எடுத்து இயக்கினார். கோடு கோடாகவே இருந்தது. பிறகு ஃபேனைக் கழற்றினார். ஃபேனுக்கும் அதன் முன்னுள்ள செப்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போலத் தூசு படிந்து காற்றின் வழியை அடைத்திருந்தது. சிப்புகளின் மேல் பூசப்பட்ட பசை சுண்ணாம்பாய் உலர்ந்திருந்தது. தூசு நீக்கி, புதுப் பசை பூசினார். திரை தெளிந்தது. நான் எழுந்துவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் கழித்துக் கோடுகள் திரும்பி வந்தன.

இந்த இரண்டு மணி நேரத்தை இவ்வளவு விரிவாக எழுதக் காரணமுண்டு. அந்த நேரம் முழுவதும் அவர் கண்டது "இது அன்று", "இதுவும் அன்று" என்பவையே. இல்லை என்பதை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஆம் என்பதை நெருங்குவது அறிவின் வழி. ஆனால் அதற்குக் கூலி தருபவர் யார்? திரையை மாற்றினேன் என்றால் காசு கொடுப்போம். கேபிளை மாற்றினேன் என்றால் கொடுப்போம். "திரையில் பழுதில்லை என்று கண்டேன்" என்றால் அதற்கு என்ன தருவோம்? நாம் பொருளுக்குப் பணம் தருகிறோம், சிந்தனைக்குத் தருவதில்லை. எனவே பழுது பார்ப்பவருக்கு எளிய வழியொன்று எப்போதும் திறந்திருக்கிறது. முதலில் திரையை மாற்றலாம்; சரியாகவில்லையெனில் கேபிளை; அதன் பின் ராமை. மாற்றியது உண்மை, பாகம் புதியது என்பது உண்மை, ரசீதும் உண்மை. தம் அறியாமைக்கான விலையை வாடிக்கையாளரின் கணக்கில் எழுதிவிட்டார் என்பது மட்டும் எந்த ரசீதிலும் வராது. இங்கேயும் பொய்யில்லாத ஏமாற்று.

இறுதியில் அவர் சொன்னது இது:

"கிராஃபிக்ஸ் சிப் போயிடுச்சு பாய். மதர்போர்டு மாத்தலாம், இந்த மெஷினோட விலையைவிட அதிகம் ஆகும். சிப்பை மட்டும் மாத்தலாம், ஆனா புதுசுன்னு வர்ற சிப்பு பாதி பழைய போர்டுல கழட்டித் துடைச்சது. இல்லைன்னா சூடு காட்டலாம். ஓடும். எத்தனை நாள்னு கேட்காதீங்க. ஒரு வாரமும் ஓடியிருக்கு, ஒரு வருஷமும் ஓடியிருக்கு. ஆனா அது ரிப்பேர் இல்ல."

சூடு காட்டுவதாவது, சூடான காற்றை ஊதும் குழலை அந்தச் சிப்பின் மேல் பிடித்துச் சில நிமிடங்கள் வாட்டுவது. இதற்கு ஒரு காரணமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதியை 2006 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதுவரை வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்றாசே எங்கும் வழங்கியது. அது 183 பாகை வெப்பத்தில் உருகும். ஈயம் நீக்கிய புதுப் பற்றாசு உருக ஏறத்தாழ 217 பாகை தேவை. வளைந்து கொடுக்கும் தன்மையும் குறைவு. ஆகவே சிப்புக்கும் மதர்போர்டுக்கும் நடுவேயுள்ள பற்றாசுக் குமிழ்கள் விரிசல் விடுகின்றன, சூடு காட்டினால் உருகி ஒட்டிக்கொள்கின்றன என்பது கடைத்தெருக் கூற்று. அவ்வாறு விரிசல் விட்ட பலகைகளும் உண்டு. எனினும் பல சிப்புகளில் நோய் அந்த இடத்தில் இல்லை.

சிப் என்று நாம் காண்பது இரண்டடுக்கு வீடு. மேல்தளத்தில் கண்ணாடிச் சில்லு போன்ற சிலிக்கான். அது கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களால் ஒரு சிறு பலகையில் ஒட்டியிருக்கிறது. அந்தச் சிறு பலகை, சற்றே பெரிய குமிழ்களால் மதர்போர்டில் ஒட்டியிருக்கிறது. கணினியை இயக்கும்தோறும் சூடேறி, நிறுத்தும்தோறும் குளிர்ந்து, ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் அளவில் விரிந்து சுருங்குகிறது. மேல்தளத்துக் குமிழ்களைச் சுற்றித் தாங்கும் பிசின் வெப்பத்தில் தளர்ந்துவிட்டால், நுண்குமிழ்கள் வெடிக்கின்றன. என்விடியா நிறுவனம் தன் முந்தைய தலைமுறைச் சிப்புகள் சிலவற்றில் சில்லும் உறையும் சேரும் பொருள்கள் வலுக்குறைந்தவை என்று 2008 ஜூலையில் தெரிவித்து, மடிக்கணினிகளைப் பழுது நீக்கவும் மாற்றித் தரவும் 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. என் கணினியின் சிப்பை யார் செய்தார் என்பது இங்கே வேண்டாத செய்தி. நோயின் இயல்பைச் சொல்ல வந்தேன். இத்தகைய சிப்பைப் பற்றாசு உருகும் அளவுக்குச் சூடாக்காமலே உயிர்ப்பித்துவிடலாம். கீழ்த்தளத்தில் எதுவும் உருகி ஒட்டவில்லை என்பதற்கு அதுவே சான்று. மேல்தளத்தில் வெடித்த இரு முகங்கள் வெப்பத்தில் விரிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவே. தொட்டவை மீண்டும் விலகும். என்று விலகும் என்பதை எவரும் சொல்லவியலாது.

"அது ரிப்பேர் இல்ல" என்று அந்த இளைஞர் சொன்னதன் பொருள் இப்போது விளங்கும். பழுதை நீக்குவது வேறு. பழுதின் அடையாளத்தை மறைப்பது வேறு. விளைவு மட்டும் இரண்டிலும் ஒன்றே: கணினி ஓடுகிறது.

நான் மூன்றாம் வழியைத் தேர்ந்தேன். 1,200 ரூபாய் பெற்றுக்கொண்டு, ரசீதின் அடியில் "கேரண்டி இல்லை" என்று எழுதித் தந்தார். அந்த இரு சொற்களைப் பேருந்தில் வரும்போது திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாக் கடைகளிலும் எல்லா ரசீதுகளிலும் அவை இருக்கின்றன. ரப்பர் முத்திரையே செய்து வைத்திருக்கிறார்கள். எல்லாப் பொருளுக்கும் சொல்லப்படுவது எப்பொருளைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. அது சொல்பவருக்குக் கேடயம், கேட்பவருக்கு விளக்கன்று. அவர் வாய்ச்சொல்லோ விளக்காக இருந்தது: எந்தச் சிப், ஏன், என்ன செய்தேன், அது ஏன் நிலைக்காது. ரசீதை மட்டும் தந்திருந்தால் அவருக்குச் சட்டத்தில் குறை வராது. எனக்கு உண்மையும் வந்திராது.

இதுவரை நான் உண்மை பெற்றவனாக இருந்தேன். அடுத்து வந்தது உண்மை தரவேண்டிய முறை.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மையார் இருக்கிறார். கணவர் இல்லை. அவருடைய மகள் பாலிடெக்னிக்கில் கட்டடவியல் மூன்றாமாண்டு படிக்கிறாள். அந்தப் பிள்ளைக்குச் சொந்தக் கணினி கிடையாது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கியது; அந்தக் காலத்தில் அவளுடைய அண்ணனுக்குக் கிடைத்த ஒன்று, பல கைகளில் புழங்கி, எப்போதோ மூச்சை நிறுத்திவிட்டது. "மகன் புதிதாக ஒன்று அனுப்புகிறேன் என்கிறானே, இதை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்றாள் என் மனைவி. அவளுக்குக் கணினி ஓடுகிறது என்பது தெரியும். எப்படி ஓடுகிறது என்பது தெரியாது. நான் உடனே ஒப்புக்கொண்டேன். மறுநாளே அந்த அம்மையாரிடம் சொல்லியும்விட்டேன். அவர் கண்கலங்கினார். நான் வீட்டுக்குத் திரும்பும்போது என் நடை சற்றே நிமிர்ந்திருந்ததை இப்போது நினைத்தால் நாணமாக இருக்கிறது.

பழுதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று திட்டமிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். மனம் எனக்காகத் தானே வக்கீல் வைத்துக்கொண்டது. இலவசமாகத்தானே தருகிறோம்? ஒன்றுமில்லாதவளுக்கு ஒரு மாதம் ஓடினாலும் இலாபந்தானே? சொன்னால் கொடுப்பதன் மகிழ்ச்சி கெட்டுவிடாதா? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழமொழி வந்து கைகொடுத்தது: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

இந்தப் பழமொழியைப் பற்றி நான் பிறகு நெடுநேரம் சிந்தித்தேன். அது யாரைப் பார்த்துப் பேசுகிறது? பெறுபவரைப் பார்த்து. பெறுபவருக்கு நாகரிகம் கற்பிக்கிறது. தருபவருக்கு உரிமைச் சீட்டு எழுதித் தரவில்லை. மாட்டின் பல் தேய்ந்ததை அறிந்தவன், "நீ பார்க்கக் கூடாது" என்னும் மரியாதையின் பின்னே ஒளிந்துகொள்வானாயின், அவன் பிறருடைய பண்பைத் தன் குற்றத்துக்குத் திரையாக்குகிறான். விற்கும்போதாவது வாங்குபவர் புரட்டிப் பார்ப்பார், பேரம் பேசுவார், கேள்வி கேட்பார். தானம் பெறுபவர் எதுவும் கேட்கமாட்டார். கேள்வி கேட்க இயலாதவரிடம் மறைப்பது, கேட்கக் கூடியவரிடம் மறைப்பதைவிட எவ்வகையில் சிறியது?

விற்பனையில் ஐபை, அதாவது குறையை, மறைப்பது கூடாது என்பதை நம் இல்லங்களில் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை மதரஸாப் பிள்ளையும் சொல்லும். அதில் நாம் பெரிதும் கவனியாத ஒன்று உண்டு. மேலே தெரிந்த தானியம் உண்மையாகவே உலர்ந்திருந்தது. விற்றவர் பொய் எதுவும் சொன்னதாக அந்த நிகழ்ச்சியில் இல்லை. மழை நனைத்தது என்று கேட்டவுடன் ஒப்புக்கொள்ளவும் செய்தார். நனைந்தது குற்றமன்று, நனைந்ததை உலர்ந்ததன் அடியில் வைத்ததே குற்றம். என் கணினியின் திரை தெளிவாக இருந்தது; ஈரம் அடியில் இருந்தது. விற்பனைக்குரிய சட்டம் தானத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதை அறிவேன்; விலை கொடாதவர் எதைத் திரும்பக் கேட்பார்? ஆனால் நான் தேடியது சட்டத்தையா?

கொடுப்பதற்கு முன் என் சொந்த ஃபைல்களையும் கடிதங்களையும் நீக்கித் தரும்படி மீண்டும் ரிச்சி தெருவுக்குப் போனேன். வெறுமனே அழித்தால் போதாது, மீட்டெடுக்க வல்லவர் மீட்டெடுத்துவிடுவர் என்று, டிஸ்க் முழுவதையும் எழுதி நிரப்பி அழித்துத் தந்தார் அந்த இளைஞர். யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"பொண்ணு என்ன படிக்குது பாய்?"

"பாலிடெக்னிக். சிவில்."

"அப்ப ஆட்டோகேட் போடும். டைப் மட்டும் அடிச்சா சிப்பு கொஞ்சம் தாங்கும். படம் வரைஞ்சா சூடு ஏறும். அதுகிட்ட சொல்லிட்டீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுமுறை கேட்கவில்லை. அடுத்த மேசையில் வேறொரு பலகையை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு எனக்கு நினைவு வந்தது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், பொருளீட்டும் ஒழுக்கத்தைப் பேசுமிடத்தில் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி. கி.பி. 1111இல் மறைந்த அப்பெருமகனார், குறைகளை எல்லாம் வெளிப்படுத்தி விற்பது எத்துணைக் கடினம் என்பதையும் மறைக்காமல் எழுதியவர். நபித்தோழர் வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்கள் ஒருமுறை சந்தையில் நின்றிருந்தார்கள். அங்கே ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு சென்ற பின்னரே வாஸிலா (ரலி) அவர்களின் கவனம் அதன்மேல் திரும்பியது. பின்னாலேயே ஓடிச்சென்று, இறைச்சிக்காக வாங்கினாரா, சவாரிக்காக வாங்கினாரா என்று கேட்டார்கள். சவாரிக்காக என்றார் அவர். அதன் காலடியில் துளையொன்று இருப்பதைத் தாம் கண்டதாகவும், தொடர்ந்து நடக்க அதனால் இயலாது என்றும் வாஸிலா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். வாங்கியவர் ஒட்டகத்தோடு திரும்பி வந்தார். விலையில் 100 திர்ஹம் குறைந்தது. விற்றவர் தம் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாக வாஸிலா (ரலி) அவர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இதில் என் நெஞ்சைத் தொட்டது அவர்கள் ஓடியதன்று, ஓடிப்போய்க் கேட்டது. "ஒட்டகத்தின் காலில் துளை" என்று நேரே சொல்லியிருக்கலாம். முதலில் எதற்காக என்று கேட்டார்கள். இறைச்சிக்கென்று வாங்கியிருந்தால் காலடித் துளை ஒரு குறையே அன்று. குறை என்பது பொருளில் மட்டும் உறைவதில்லை. பொருளுக்கும் அதைப் பயன்கொள்பவரின் தேவைக்கும் நடுவே பிறக்கிறது. கட்டுரை எழுதும் எனக்கு அந்தச் சிப்பின் வெடிப்பு ஒரு தொல்லை. இரவெல்லாம் கட்டட வரைபடம் வரைந்து, நாளை காலை ஒப்படைக்க வேண்டிய பிள்ளைக்கு அது பேரிடி. ஆகவே, "எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன்" என்பதோடு தருபவரின் கடன் தீர்வதில்லை. பெறுபவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை அறிந்தாலன்றி, எதைச் சொல்ல வேண்டும் என்பதே தெரியாது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பதிலாகப் பழுது பார்த்தவர் கேட்டார். அவர் விற்பவருமல்லர், தருபவருமல்லர். வாஸிலா (ரலி) அவர்களைப் போல் பக்கத்தில் நின்று அறிந்தவர், அவ்வளவே. அறிந்தவர்க்கும் அதில் பங்குண்டு என்று எவரும் அவருக்குச் சொல்லித் தந்திருப்பார்களா, தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். அது வலுவான மறுப்பு. பழைய பொருள் என்றாலே குறையுள்ள பொருள்தானே? எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினால் ஏழைக்குப் பழைய பொருளும் கிடைக்காது, எவரும் அஞ்சி வாங்கமாட்டார். வாங்குபவரே விழிப்போடிருக்க வேண்டும் என்பதுதானே ஆங்கிலேயர் வழிவந்த கொள்கை? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படையும் அதுவே; 1986லும் 2019லும் வந்த நுகர்வோர் சட்டங்கள் அதைப் பெரிதும் தளர்த்தின. இந்த மறுப்பில் பாதி உண்மை. எனக்குத் தெரியாத குறைகள் அந்தக் கணினியில் எத்தனையோ இருக்கலாம். அவற்றைச் சொல்லவில்லை என்று என்னை யாரும் குறை கூறவியலாது. இதய மருத்துவரிடம் போனால் அவரும் என்னைப் பார்த்து, "இப்போதைக்கு நன்றாக ஓடுகிறது" என்றுதான் சொல்கிறார். நான் அவரைக் கோபித்துக்கொள்வதில்லை. ஏனெனில் அவர் அறிந்தது அவ்வளவே, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் கடன் அறியாமைக்கு இல்லை என்பதனால் அறிந்ததற்கும் இல்லை என்று ஆகிவிடாது. விழிப்போடு இரு என்று சொல்வதற்கு, எதிரே இருப்பவருக்குப் பார்க்கக் கண் இருக்க வேண்டும். சிப்பின் மேல்தளத்து நுண்குமிழை எந்தக் கண்ணால் பார்ப்பாள் அந்தப் பிள்ளை?

இதே அளவுகோலைக் கருவிகளைச் செய்யும் பெரு நிறுவனங்கள்மீது வைத்தால் நானும் அந்த இளைஞரும் சிறு குற்றவாளிகள். மதர்போர்டின் மின்சுற்று வரைபடத்தைப் பெரும்பாலோர் வெளியிடுவதில்லை. எப்படியோ வெளிவந்த படங்களை வைத்துக்கொண்டே ரிச்சி தெருவில் பாதி வேலை நடக்கிறது. பிரான்சு நாட்டில் 2021 முதல் மடிக்கணினிகளுக்கும், பழுது நீக்க எத்துணை எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, விற்குமிடத்திலேயே காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல விதி. ஆயினும் நிறுவனங்களின் பெருங்குற்றத்தைக் காட்டி என் சிறு குற்றத்தைச் சிறிதாக்கிக்கொள்வதும் மனம் வைக்கும் வக்கீல்களில் ஒருவருடைய வாதமே. அதை இத்துடன் விடுகிறேன்.

மறுநாள் மாலை அஸருக்குப் பின் அந்தப் பிள்ளையும் தாயும் வந்தார்கள். கணினி மேசைமேல் இருந்தது. நான் சொல்லத் தொடங்கினேன். பேட்டரி கிடையாது, மின்சாரம் நின்றால் அந்த நொடியே அணைந்துவிடும். தேதியை ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். சிப் வெடித்திருக்கிறது, சூடு காட்டி ஓடவைத்திருக்கிறது, படம் வரைந்தால் விரைவில் நிற்கும், என்று நிற்கும் என்று சொல்ல முடியாது. சொல்லச் சொல்ல அந்தத் தாயின் முகம் மாறியதைக் கண்டேன். வேண்டாம் என்பதற்கு மரியாதையான காரணம் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "பரவாயில்லைங்க பாய், உங்க வீட்டுக்கே தேவைப்படும்" என்று எழுந்தார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உண்மையைச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு, அதிலும் நான் பழகாதவன் என்பது அப்போது புலப்பட்டது.

பிள்ளை மட்டும் எழவில்லை. கணினியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுட்டா உள்ளே நான் போட்டு வச்சதெல்லாம் போயிடுமா தாத்தா?"

இப்படியொரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இளைஞர் முதல் நாள் செய்தது நினைவுக்கு வந்தது. ஹார்டு டிஸ்க் தனி. சிப் நின்றாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பூட்டினால் எல்லாம் இருக்கும் என்றேன். எந்தத் திருகு என்று கேட்டாள். காட்டினேன். பென் டிரைவ் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். இரவுதோறும் அதில் ஒரு படி எடுத்து வைப்பதாகச் சொன்னாள். தாயைப் பார்த்து, "ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா" என்றாள்.

நான்கு மாதம் ஓடியது. ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை அவளே கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின இரவு கோடுகள் வந்தனவாம். டிஸ்க்கைக் கழற்றி ஓர் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள்; கல்லூரி ஆய்வகத்துக் கணினியில் பூட்டிப் பார்த்தாயிற்று, வரைபடங்கள் எல்லாம் இருக்கின்றன என்றாள். கூட்டை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதை ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். மீண்டும் சூடு காட்டுவதா என்று இளைஞர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ராம் இரண்டையும் சார்ஜரையும் 300 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ராம் ஓடுதா பாய்?"

"நீங்கள் பார்த்தபோது ஓடியது. அதற்குப் பிறகு நான் சோதித்துப் பார்க்கவில்லை, தம்பி" என்றேன்.

அவர் இரண்டையும் கழற்றி, பக்கத்திலிருந்த வேறொரு கணினியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகிப் பார்க்கத் தொடங்கினார்.